கல்லில் இருப்பது கைக்கு வருமா?
தட்டில் ஒரு சரித்திரம் – பகுதி 14

"அண்ணா, மூஞ்சியெல்லாம் மொளகா அரைச்சுப் பூசின மாதிரி எரியுதுணா!"

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கோலார் தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டையில் எங்கள் தெருக்கோடி வீட்டுத் தம்பி இப்படிக் கத்திக்கொண்டு வந்து நின்றான். விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறி, பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு, ஊர் அடங்கியபின் வீடு திரும்பும் கூட்டத்தில் அவனும் ஒருவன். காது மடல், கழுத்து, மார்பு எல்லாம் கன்றிச் சிவந்திருந்தன. கூட வேலை பார்ப்பவர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த மாத்திரையாம். இதயத்துக்கு நல்லது என்று சொன்னாராம். வெறும் வயிற்றில் ஒன்றைப் போட்டிருக்கிறான்.

டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். நயாசின், 500 மில்லிகிராம். வளர்ந்த ஆணுக்கு ஒரு நாளைக்கு 16 மில்லிகிராம் போதும் என்கிறது அமெரிக்கக் கணக்கு. பையன் ஒரு மாத ரேஷனை ஒரே மடக்கில் விழுங்கியிருக்கிறான்! "பயப்படாதே, ஒரு மணி நேரத்தில் தணிந்துவிடும்" என்று உட்காரவைத்து மோர் கொடுத்தேன். தணிந்தது. அந்த டப்பாவுக்குப் பின்னாலிருக்கும் கதையை அவனுக்குச் சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டேன். மீதியை இங்கே எழுதுகிறேன்.

சென்ற பகுதியைத் தீட்டிய அரிசியிலும் பெரிபெரியிலும் நிறுத்தியிருந்தோம். அந்த நோய்க்கு மருந்து தேடி 1912 வாக்கில் அரிசித் தவிட்டைக் கரைத்து வடித்துக்கொண்டிருந்தவர்களில் முக்கியமானவர் காசிமிர் ஃபங்க். வைட்டமின் என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர். வடித்தெடுத்ததில் நிகோடினிக் அமிலம் என்ற பொருளும் அவர் கைக்கு வந்தது. வேதியியலாருக்கு அது புதிதல்ல. புகையிலையின் நிகோடினை ஆக்சிஜனேற்றம் செய்து 1867லேயே எடுத்திருந்தார்கள். பெரிபெரிக்கு அது பலிக்கவில்லை என்றதும் ஃபங்க் ஒதுக்கி வைத்துவிட்டார். அவர் ஒதுக்கிய பொருள்தான் நம் டப்பாவிலிருக்கும் நயாசின். வேறொரு நோய்க்கு அதுவே மருந்து என்று தெரிய இன்னும் 25 வருடம் ஆகவேண்டியிருந்தது.

அந்த நோய்க்குப் பெயர் பெல்லாக்ரா. ஸ்பெயினின் அஸ்துரியாஸ் பகுதியில் 1735இல் காஸ்பர் காசால் என்ற மருத்துவர் ஏழை விவசாயிகளிடம் இதைக் கண்டு எழுதினார். வெயில் படும் இடத்தில் மட்டும் தோல் கறுத்து, தடித்து, பாளம் பாளமாக உரியும். சட்டைக் கழுத்துக்கு மேலே மாலை போட்டதுபோல் ஒரு வளையம் விழும். அதற்கு இன்றும் காசால் மாலை என்றே பெயர். தோலுக்குப் பிறகு வயிற்றுப்போக்கு, அதற்குப் பிறகு புத்தித் தடுமாற்றம், கவனிக்காமல் விட்டால் மரணம். சொரசொரத்த தோல் என்ற பொருளில் பெல்லாக்ரா என்று பெயர் வைத்தவர்கள் இத்தாலியர்கள். எங்கெல்லாம் மக்காச்சோளம் ஏழையின் ஒரே சாப்பாடாக ஆனதோ அங்கெல்லாம் அது போனது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களைப் பிடித்து ஆட்டியது. தொற்றுநோய் என்றே பலரும் நம்பினார்கள். 1914இல் அரசு அனுப்பிய மருத்துவர் ஜோசப் கோல்ட்பெர்கர் ஒன்றைக் கவனித்தார். மனநல விடுதியில் நோயாளிகளுக்கு வருகிறது, அவர்களோடு புழங்கும் ஊழியர்களுக்கு வரவில்லை. ஊழியர் தட்டில் பாலும் கறியும் இருந்தன, நோயாளி தட்டில் மக்காச்சோளக் கூழ். மிசிசிப்பி சிறைப் பண்ணையில் தாமாக முன்வந்த கைதிகளுக்கு அந்த வறட்டுச் சாப்பாட்டை மாதக்கணக்கில் கொடுத்து, 1915இல் நோயை வரவழைத்தே காட்டினார். அப்படியும் நம்பாதவர்களுக்காக நோயாளியின் ரத்தத்தைத் தன் உடம்பில் ஏற்றிக்கொண்டார், உரிந்த தோலை மாவில் உருட்டி விழுங்கினார். ஒன்றும் ஆகவில்லை. குறைவது எது என்று தெரியாமலே 1929இல் இறந்தார். 1937இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கான்ராட் எல்விஜெம், கருநாக்கு நோய் கண்ட நாய்களை நிகோடினிக் அமிலம் கொடுத்துத் தேற்றினார். நாய்க்குக் கருநாக்கு என்பது மனிதனுக்குப் பெல்லாக்ரா. ஃபங்க் ஒதுக்கிய பொருள் திரும்பி வந்தது. ரொட்டி மாவில் அதைச் சேர்க்கத் தொடங்கியபோது பெயரைக் கேட்டவர்கள் ரொட்டியில் புகையிலையா என்று மிரள, நயாசின் என்று பெயரை மாற்றினார்கள்.

எல்லாம் சுபம் என்று அமெரிக்கக் கதை இங்கே முடிகிறது. நம் கதை இங்கேதான் தொடங்குகிறது, குன்னூரில்.

குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ராபர்ட் மெக்கரிசன் சிறிய அளவில் தொடங்கிய ஆய்வு, ஊட்டச்சத்து ஆய்வுக்கூடமாக வளர்ந்திருந்தது. 1935இல் அவர் ஓய்வுபெற, வாலஸ் அய்க்ராய்ட் பொறுப்பேற்றார். அதற்கு முன் அவர் ருமேனியாவின் மொல்டாவியக் கிராமங்களில் பெல்லாக்ராக்காரர்களின் சாப்பாட்டை வீடு வீடாகக் கணக்கெடுத்தவர். மக்காச்சோளக் களி மட்டும் உண்ணும் குடும்பம் எப்படியிருக்கும் என்று கண்ணால் பார்த்தவர். நீலகிரியிலிருந்து இறங்கி மதராஸ் மாகாணத்து ஏழையின் தட்டைப் பார்த்தார். தீட்டிய அரிசிச் சோறு, கொஞ்சம் பருப்பு, புளி, மிளகாய். மொல்டாவியத் தட்டைவிட இது ஒன்றும் வளமானதல்ல. ஆனால் மொல்டாவியாவில் தெருவுக்குத் தெரு கண்ட நோய் இங்கே அரிசி தின்கிறவர்களிடம் இல்லை.

1940இல் அய்க்ராய்டும் எம். சுவாமிநாதனும் தானியங்களிலுள்ள நிகோடினிக் அமிலத்தை அளந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். படித்தவர்கள் தலையைச் சொறிந்திருப்பார்கள். தீட்டிய அரிசி தின்கிறவனுக்குக் கிடைக்கும் நிகோடினிக் அமிலம், மக்காச்சோளம் தின்கிறவனுக்குக் கிடைப்பதைவிட அதிகமில்லை. அப்படியானால் அவனுக்கு மட்டும் ஏன் பெல்லாக்ரா, இவனுக்கு ஏன் இல்லை? கண்டுபிடித்து மூன்று வருடம்கூட ஆகாத வைட்டமினின் கணக்கு அதற்குள் உதைத்தது.

இந்தப் புதிருக்குப் பிற்பாடு கிடைத்த விடைகளில் ஒன்று, எங்கள் ஊர்க்காரனுக்குச் சட்டென்று பிடிபடக்கூடியது.

தங்கவயலில் கல்லைப் பார்த்து யாரும் மயங்கியதில்லை. ஒரு டன் கல்லில் இத்தனை கிராம் தங்கம் என்று சோதனைச்சாலை சீட்டு சொல்லும். சுரங்கத்தின் கடைசிக் காலத்தில் அது மூன்று, நான்கு கிராமாகச் சுருங்கியிருந்தது. ஆனால் சீட்டில் இருக்கும் தங்கம் வேறு, கைக்கு வரும் தங்கம் வேறு. கல்லை மாவாக இடிக்கவேண்டும், பாதரசத்தில் பிடிக்கவேண்டும், அதற்கும் சிக்காததைச் சயனைடு தொட்டியில் கரைக்கவேண்டும். அந்தத் தொட்டியில் சுண்ணாம்பு சேர்ப்பார்கள். காரத்தன்மை இல்லாவிட்டால் சயனைடு விஷவாயுவாகப் பறந்துவிடும், தங்கமும் கரையாது. அப்படிக் கரைத்தெடுத்த பிறகு மிஞ்சிய மாவுதான் இன்று ஊரைச் சுற்றிக் குன்று குன்றாகக் கிடக்கிறது. ஆடி மாதக் காற்றடித்தால் அந்தப் பொடி எங்கள் வீட்டுத் துணியிலும் தட்டிலும் வந்து உட்காரும்.

மக்காச்சோளத்திலும் இதே கதைதான். அதிலுள்ள நயாசினில் பெரும்பகுதி மாவுப்பொருளோடு பிணைந்து கிடக்கிறது. ஆய்வகத்தில் காரம் ஊற்றிப் பிரித்து அளந்தால் எண் வரும், மனிதக் குடலில் பிரியாது. சீட்டில் தங்கம், கையில் கல்! மெக்சிகோவின் பழங்குடிகள் மக்காச்சோளத்தைப் பல தலைமுறைகளாகச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, ஊறவைத்து, தோலை நீக்கி அரைத்தார்கள். காரம் பட்டதும் பிணைப்பு அறுந்து நயாசின் வெளியே வந்தது. அவர்களுக்குப் பெல்லாக்ரா தெரியாது. கொலம்பஸுக்குப் பிறகு ஐரோப்பியர்கள் தானியத்தை மட்டும் கப்பலேற்றினார்கள். சுண்ணாம்புச் சட்டியையும் அதை வைத்துச் சமைத்த பெண்களின் கைப்பக்குவத்தையும் அங்கேயே விட்டுவிட்டார்கள். காசால் கண்ட நோய் அந்த மறதியின் விலை.

இரண்டாவது விடை 1945இல் அதே விஸ்கான்சினிலிருந்து வந்தது. புரதத்திலுள்ள டிரிப்டோபன் என்ற அமினோ அமிலத்திலிருந்து உடம்பு தானே நயாசின் செய்துகொள்கிறது. 60 மில்லிகிராம் டிரிப்டோபனுக்கு 1 மில்லிகிராம் நயாசின் என்பது பொதுவான கணக்கு. பாலிலும் முட்டையிலும் நயாசின் சொற்பம், ஆனாலும் கோல்ட்பெர்கரின் நோயாளிகள் அவற்றால் தேறினார்கள். அது எப்படி என்பது இப்போது விளங்கியது. மக்காச்சோளப் புரதத்தில் டிரிப்டோபன் பஞ்சம். அரிசியில் அத்தனை பஞ்சமில்லை. குன்னூர் புதிரின் முடிச்சு பெருமளவு அவிழ்ந்தது.

அவிழ்ந்த இடத்திலேயே இன்னொரு முடிச்சு விழுந்தது. அதைப் பிடித்தவர் சேலத்தில் பிறந்தவர்.

சி. கோபாலன், பிறப்பு 1918. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். உள்ளங்கால் எரிச்சலோடு வந்த ஏழை நோயாளிகளைப் பற்றி 1946லேயே எழுதி, ஊட்டச்சத்துக் குறைவைக் கட்டிலருகே நின்று பார்க்கும் மருத்துவர் என்று பெயரெடுத்தவர். குன்னூர் ஆய்வுக்கூடம் 1950களின் இறுதியில் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்தது. பிறகு தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் மாறிய அதற்கு அவரே இயக்குநரும் ஆனார். அங்கே மருத்துவமனைக்குக் கழுத்தில் காசால் மாலையோடு விவசாயக் கூலிகள் வந்துகொண்டிருந்தார்கள். இவர்கள் மக்காச்சோளத்தைத் தொட்டவர்களல்ல. தக்காணப் பீடபூமியின் சோள ரொட்டியும் சோளச் சங்கடியும் தின்றவர்கள்.

சோளத்தில் நயாசின் பிணைந்து கிடக்கவில்லை என்று கோபாலன் குழு கருதியது. டிரிப்டோபனும் மக்காச்சோளத்தில் இருப்பதுபோல் அத்தனை குறைவில்லை. அப்புறம் எப்படி? கோபாலனும் எஸ். ஜி. ஸ்ரீகாந்தியாவும் 1960இல் லான்செட் இதழில் ஒரு சந்தேகத்தை முன்வைத்தார்கள். குற்றவாளி குறைவு அல்ல, மிகுதி. மக்காச்சோளம், சோளம் இரண்டிலும் லியூசின் என்ற அமினோ அமிலம் அளவுக்கு மீறி இருக்கிறது. டிரிப்டோபன் நயாசினாகி, அது உடம்புக்கு உதவும் வடிவத்தை அடையும் வழியில் எங்கேயோ லியூசின் குறுக்கே விழுகிறது. அடுத்த பத்து வருடம் பவானி பெலவாடி முதலியோரோடு சேர்ந்து இதைச் சோதித்தார்கள். சோளம் தின்ற நாய்களுக்குக் கருநாக்கு வந்தது. லியூசின் குறைந்த சோள வகையைத் தின்ற நாய்களுக்கு வரவில்லை. லியூசினுக்கு எதிரிடையான ஐசோலியூசினைக் கொடுத்தபோது மனிதத் தோலும் தேறியது.

மற்ற நாட்டு ஆய்வகங்கள் எல்லாம் இதை ஒப்புக்கொள்ளவில்லை. சில சோதனைகளில் லியூசினின் பங்கு தெரியவேயில்லை. ஐதராபாத்காரர்களே பிற்பாடு வைட்டமின் பி6 குறைவையும் சேர்த்துப் பார்க்கத் தொடங்கினார்கள். பி6 இல்லாமல் டிரிப்டோபன் நயாசினாக மாறாது. விவாதம் முழுதாகத் தீராமலிருக்கும்போதே நோயாளிகள் குறைந்துபோனார்கள். 1983இல் ஆந்திராவில் என். டி. ராமராவ் கிலோ இரண்டு ரூபாய்க்கு அரிசி கொடுத்தார். சோளம் தின்ற வீடுகளில் அரிசி உலை வைத்தது. லியூசின் குற்றவாளியோ இல்லையோ, சோளம் ஒன்றையே மூன்று வேளையும் தின்னும் நிலை மாறியதும் காசால் மாலையும் கழன்றது.

இப்போது எங்கள் ஊருக்கு வருகிறேன். ராபர்ட்சன்பேட்டை எம். ஜி. மார்க்கெட்டில் ராகி மாவு அளக்கும் கடையில் நின்று, இந்தக் கணக்கை மனதுக்குள் போட்டுப் பார்த்தேன். கோபாலனும் சக ஆய்வாளர்களும் 1971இல் வெளியிட்ட இந்திய உணவுப் பட்டியலின்படி, 100 கிராமுக்கு நயாசின் இவ்வளவு: சோளம் 3.1 மில்லிகிராம், தீட்டிய பச்சரிசி 1.9, மக்காச்சோளம் 1.8, ராகி 1.1. கடைசி இடம் ராகிக்கு! எண்ணை மட்டும் நம்பினால் கோலார் மாவட்டமே பெல்லாக்ராவில் உரிந்திருக்கவேண்டும். பட்டியலில் முதலிடத்திலிருந்த சோளத்துக்காரனுக்கு நோய், கடைசி இடத்து ராகிக்காரனுக்கு இல்லை.

வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் சுரங்கத்துக்கு வந்த எங்கள் தாத்தன்மார் தின்றது ராகிக் களி. கன்னடத்தில் முத்தே, எங்களுக்குக் களி. தகர லைன் வீட்டின் அடுப்பில் உலை கொதிக்கும்போது மாவைக் கொட்டி, நடுவில் துடுப்புக் கட்டையால் துளைபோட்டு வேகவிட்டு, இரண்டு காலாலும் சட்டியை அண்டக்கொடுத்துக் கிளறுவாள் பாட்டி. கையைத் தண்ணீரில் நனைத்து உருட்டினால் ஆளுக்கு ஓர் உருண்டை. பூமிக்கு அடியில் வேலை செய்கிற உடம்புக்கு ஒரு நாளைக்கு 400 கிராம் மாவாவது வேண்டும். அதில் நேரடி நயாசின் நாலரை மில்லிகிராம்கூட இல்லை. ஆனால் அதே மாவில் ஏறக்குறைய 29 கிராம் புரதம். ராகிப் புரதத்தில் டிரிப்டோபன் மற்ற பல தானியங்களைவிடத் தாராளம். அதிலிருந்து உடம்பு இன்னும் ஆறு மில்லிகிராம் போலச் செய்துகொள்ளும்.

மிச்சத்தைக் கொடுத்தது களி அல்ல, களியோடு வந்தவை. அவரைக்கொட்டைக் குழம்பு, கருவாடு, சம்பளம் வாங்கிய வாரம் மாட்டுக்கறி, மாலையில் காகிதப் பொட்டலத்தில் வறுத்த நிலக்கடலை. கடலையில் 100 கிராமுக்கு 19.9 மில்லிகிராம் நயாசின். இரண்டு கைப்பிடி கொறித்தாலே பத்து. காப்பியிலும் உண்டு. கொட்டையை வறுக்கும்போது அதிலுள்ள ட்ரைகோனலின் கொஞ்சம் நயாசினாக மாறிவிடுகிறது. ஷிப்ட் முடிந்து வந்தவர் குடித்த காப்பி வெறும் சூடு மட்டுமல்ல.

அய்க்ராய்டிலிருந்து கோபாலன் வரை ஆய்வாளர்கள் மில்லிகிராமை எண்ணி எண்ணிக் கடைசியில் வந்து நின்றது இந்தத் தட்டின் முன்னால்தான். ஒரு பொருளை மட்டும் தின்று பிழைக்கும்படி வறுமை நெருக்கும்போது வருகிற நோய் பெல்லாக்ரா. அந்த ஒரு பொருள் எது என்பதைப் பொறுத்து எவ்வளவு சீக்கிரம் வரும் என்பது மாறும்.

சரி, தம்பியின் மாத்திரைக்கு வருவோம். அது வேறொரு கணக்கிலிருந்து பிறந்தது. கனடாவில் ருடால்ஃப் அல்ட்சுல் குழுவினர் 1955இல், கிராம் கணக்கில் நிகோடினிக் அமிலம் கொடுத்தால் ரத்தக் கொலஸ்ட்ரால் இறங்குவதைக் கண்டார்கள். வைட்டமின் அப்போதே மருந்தாகிவிட்டது. நல்ல கொலஸ்ட்ரால் ஏறுகிறது, கெட்டது இறங்குகிறது, ஆகவே மாரடைப்பும் குறையும் என்று பல ஆண்டுகள் எழுதிக் கொடுத்தார்கள். ஸ்டாட்டின் மருந்து வந்தபின், அதோடு நயாசினையும் சேர்த்துக் கொடுத்தால் பலன் கூடுமா என்று பெரிய அளவில் பார்த்தார்கள். 25,000க்கும் அதிகமான நோயாளிகளிடம் நடந்த சோதனையின் முடிவு 2014இல் வந்தது. ரத்தச் சீட்டில் எண்கள் அழகாக மாறின, மாரடைப்பு குறையவில்லை. சர்க்கரை ஏறுவது, ரத்தக் கசிவு, தொற்று போன்ற தொல்லைகள்தான் கூடின. 2024இல் வெளிவந்த ஓர் ஆய்வு இன்னும் ஒரு படி போய், நயாசின் மிகும்போது உடம்பில் உண்டாகும் சிதைபொருள் ஒன்றை ரத்தநாள அழற்சியோடு தொடர்புபடுத்தியது. சீட்டில் தங்கம் என்ற பழைய கதை, இம்முறை ஆஸ்பத்திரியில்.

முகம் எரிந்ததற்குக் காரணம் எளிது. நிகோடினிக் அமிலம் தோலின் செல்களைத் தூண்டி, ரத்தநாளங்களை விரிக்கும் பொருளைச் சுரக்கவைக்கிறது. நயாசினின் இன்னொரு வடிவமான நிகோடினமைடு இப்படி எரிப்பதில்லை. மருந்துக்கடையில் வாய்ப்புண்ணுக்கு எழுதித் தரும் பி-காம்ப்ளெக்ஸ் மாத்திரைகளில் பெரும்பாலும் இருப்பது அதுதான். எரிச்சலாவது ஒரு மணி நேரத்தில் போய்விடும். பெரிய அளவை நாட்கணக்கில் தின்றால் கல்லீரல் கெடும், அது சத்தமில்லாமல் கெடும். சாப்பாட்டுக்கு மேல் தனியாக எடுப்பது நாளைக்கு 35 மில்லிகிராமைத் தாண்டவேண்டாம் என்று அமெரிக்க வரம்பு சொல்கிறது. அதற்கு மேல் போவது மருத்துவர் பார்த்துச் செய்யவேண்டிய வேலை.

மாத்திரையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேண்டியவர்கள் இருக்கிறார்கள். குடியே சாப்பாடாகிப்போனவர்களுக்கு இன்றும் பெல்லாக்ரா வருகிறது. இன்னொரு கூட்டமும் உண்டு, அது எங்கள் ஊருக்கு மிகவும் நெருக்கமானது. காசநோய்க்கு ஐசோனியாசிட் தின்கிறவர்கள். அந்த மருந்து பி6ஐ முடக்கும். பி6 முடங்கினால் டிரிப்டோபன் நயாசினாகாது. சத்தில்லாத உடம்பில் இருமல் ஒரு பக்கம் அடங்கும்போதே கழுத்தில் காசால் மாலை விழலாம். ஆகவேதான் அந்த மருந்தோடு பி6 மாத்திரையையும் சேர்த்துத் தருகிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், ஐசோனியாசிட்டே நயாசின் குடும்பத்துப் பிள்ளை. நிகோடினமைடு காசநோய்க் கிருமியைக் கட்டுப்படுத்துவதை 1945இல் பிரான்சில் கவனித்தார்கள். அந்தத் தடத்தைப் பிடித்துப் போன வேதியியலார் 1952இல் சேர்ந்த இடம்தான் ஐசோனியாசிட். நான்கே வருடத்தில் அது சென்னைக்கு வந்து சேத்துப்பட்டில் ஒரு பெரிய சோதனைக்குக் காரணமானது. சானடோரியத்தில் படுக்கவைத்துப் பாலும் முட்டையும் கொடுத்தால்தான் காசநோய் குணமாகுமா, ஏழையை அவன் வீட்டிலேயே வைத்துக் குணப்படுத்த முடியாதா என்ற கேள்வி. கல்தூசியால் நுரையீரல் கெட்டு, அதன்மேல் காசமும் பற்றிய எங்கள் சுரங்கத்துக்காரர்களுக்கு அந்தக் கேள்வியின் எடை தெரியும்.

அதை அடுத்த பகுதியில் பார்ப்போம். தம்பி டப்பாவை என்னிடமே விட்டுவிட்டுப் போய்விட்டான். போகிற வழியில் மார்க்கெட்டில் கால் கிலோ கடலை வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.